ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை

லிங்கன்
ஜனவரி 21

அன்புத் தம்பி ராய்ஸுக்கு,

உறையின் மேல் என் பெயரைப் பார்த்ததும் அடுப்பில் போடாமல் பிரித்தாயே, அதற்கே நன்றி. போனை நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "ம்" என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து ஒன்றும் வருவதில்லை. அதனால்தான் தபால்.

போன வருஷம் ப்ரோக்கன் போ ஊர் உணவகத்தில் நடந்ததை நானும் மறக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் பிரிந்திருந்து பார்த்துக்கொண்ட அக்காவும் தம்பியும் சாப்பாடு வருவதற்குள் சண்டை போட்டுப் பிரிந்தது இந்த மாநிலத்திலேயே நாம் மட்டுமாகத்தான் இருக்கும். உன்னை வளர்த்த ஆர்லிஸை நான் "திருடி" என்றேன். நீ தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாய். அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் எனக்குப் பதின்மூன்று வயதில், அரசுக் காப்பக விடுதிப் போனில் கெஞ்சிக் கூத்தாடி உங்கள் பண்ணைக்குப் பேசினேனே, அப்போது அவர் "ராய்ஸ் தூங்கறான்" என்று வைத்துவிட்டார். மதியம் மூன்று மணிக்கு எந்தப் பையனடா தூங்குவான்? அது என் நெஞ்சில் முள்ளாகவே கிடக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சட்டசபையில் ஒரு மசோதா வந்திருக்கிறது. நம்மைப்போல் அரசுப் பராமரிப்பில் போய், வேறு வேறு வீடுகளுக்குப் பிரிந்த உடன்பிறந்தவர்கள் தவறாமல் சந்திக்க ஏற்பாடு செய்தே தீரவேண்டும், தத்துக் கொடுத்த பிறகும் அது தொடரவேண்டும் என்கிறது. பிப்ரவரிக் கடைசியில் கருத்துக் கேட்புக் கூட்டம். யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து பேசலாம். வக்கீல் வேண்டாம், படிப்பு வேண்டாம்.

நாலைந்து மாதமாக நான் ஆட்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்ததும் நூலகத்துப் பின்னறையில் அவர்களுக்குப் பேசப் பழக்குகிறேன். ஊரார் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டாயிற்று. சொந்தத் தம்பியைக் கூப்பிடாமல் இருந்தால் எப்படி?

வந்து பேசுவாயா?

உன் அக்கா
ஜனெல்


வாலன்டைன் ஊருக்குத் தெற்கே
ஜனவரி 30

அக்கா,

அடுப்பில் போடவில்லை. குளிர் அவ்வளவு இல்லை.

பிப்ரவரிக் கடைசியில் இங்கே தலையீத்துக் கிடேரிகள் கன்று போடும் நேரம். முதல் ஈத்து மாடுகளுக்கு ஒன்றும் தெரியாது, நின்ற இடத்திலேயே பனியில் போட்டுவிட்டு, இது என்ன என்று நம்மைப் பார்க்கும். அந்த நேரத்தில் ஒரு பகல் முழுக்கப் பண்ணையை விட்டு வருவது என்றால் பக்கத்துப் பண்ணைக்காரர் சிரிப்பார்.

இது சாக்கு என்று நீ சொல்வாய். பாதி சாக்குதான்.

மீதிப் பாதி இது. அந்தக் கூட்டங்களைக் கணினியில் நேரடியாகக் காட்டுகிறார்கள். ஊரில் எல்லோரும் பார்ப்பார்கள். நான் அங்கே உட்கார்ந்து என் அக்காவைப் பார்க்க விடவில்லை என்று சொன்னால், விடாதவர் யார் என்று கேட்கவே வேண்டாம். என்னை வளர்த்த அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. அப்பா இறந்த பிறகு தேவாலயத்தில் தனியாகத்தான் உட்காருகிறார். அந்தப் பெஞ்சில் அவர் தலைகுனிந்து உட்காரும்படி நான் செய்ய மாட்டேன்.

அவரைத் திருடி என்றாய். எனக்கு நிமோனியா வந்தபோது வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியவர் அவர். நீயும் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. அதுதான் தொந்தரவே.

இணையத்தில் ஆதரவு என்று ஒரு வரி எழுதிப் போடலாமாம். அதைச் செய்கிறேன். போதுமா?

ராய்ஸ்

பின்குறிப்பு: அன்றைக்கு நான் தூங்கியிருக்க வழியில்லை. மூன்று மணிக்குத் தீவனம் வைக்கப் போவேன்.


லிங்கன்
பிப்ரவரி 5

அன்புத் தம்பிக்கு,

உன் பின்குறிப்பைப் படித்துவிட்டுச் சமையலறைச் சரக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்றைக்கு மதியச் சாப்பாடு சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும். பிள்ளைகள் வரிசை கட்டி நிற்கிறார்கள், நான் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறேன். சுகாதார ஆய்வாளர் பார்த்திருந்தால் வேலை போயிருக்கும்.

நீ இணையத்தில் எழுதும் ஒரு வரியை எண்ணிக் கணக்கில் சேர்ப்பார்கள். நல்லதுதான், எழுது. ஆனால் எண்ணிக்கைக்கு முகம் கிடையாது. அந்த மேசைக்கு முன்னால் ஆள் உட்கார்ந்தால்தான் குழு உறுப்பினர்கள் கையிலிருக்கும் போனைக் கீழே வைக்கிறார்கள்.

அங்கே நடப்பது இவ்வளவுதான். ஒரு தாளில் பெயர், ஊர், ஆதரவா எதிர்ப்பா என்று எழுதிக் கொடுக்கவேண்டும். முதலில் ஆதரவு, பிறகு எதிர்ப்பு, கடைசியில் இரண்டும் இல்லாதவர்கள். பெயரைச் சொல்லி எழுத்துக் கூட்டவேண்டும். பச்சை விளக்கு எரியும், மஞ்சள் எரியும், சிவப்பு வந்தால் நிறுத்தவேண்டும். மூன்று நிமிடம். கை தட்டக் கூடாது, அழலாம்.

நான் ரொட்டி அடுப்பின் நேர மணியை எடுத்துப் போய், மூன்று நிமிடத்துக்கு வைத்துப் பழக்குகிறேன். ஒரு லாரிக்காரர் மூன்று நிமிடமும் மன்னிப்புக் கேட்டே முடித்துவிட்டார். "என்னை மாதிரி ஆளுங்க பேச்ச எல்லாம் அவங்க கேப்பாங்களாம்மா?" என்றார். "உங்க சம்பளத்துல வரி பிடிக்கும்போது உங்கள மாதிரி ஆளான்னு பாத்தா பிடிக்கறாங்க?" என்றேன். இப்போது அவரை நிறுத்தத்தான் முடியவில்லை.

ஆர்லிஸைப் பற்றி நீ எழுதிய நாற்காலியை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு நிமோனியா வந்ததே எனக்குத் தெரியாது. அவர் உன்னைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லவேண்டும் என்று புத்தி சொல்கிறது. வாய் திறக்கமாட்டேன் என்கிறது. திருடி என்றதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இப்போதைக்கு அவ்வளவுதான் முடியும்.

வரவேண்டாம். கன்றுகளைப் பார். நான் உனக்கும் சேர்த்துப் பேசிக்கொள்கிறேன்.

அக்கா


வாலன்டைனுக்குத் தெற்கே
பிப்ரவரி 14

அக்கா,

ஒரு காரியம் செய்துவிட்டேன். நீ திட்டலாம்.

போன வாரம் ஒரு கிடேரியின் வயிற்றில் கன்று குறுக்கே கிடந்தது. அம்மா விளக்கைப் பிடித்துக்கொள்ள, நான் தோள்வரைக்கும் கையை விட்டுத் திருப்பிக்கொண்டிருந்தேன். அந்த மாதிரி நேரத்தில் மனுஷனுக்குப் பொய் வராது. அம்மா கேட்டார்: "லிங்கன்லேர்ந்து கடுதாசி மேல கடுதாசியா வருதே, பொண்ணு பாத்திருக்கியா?"

"அக்கா எழுதறாம்மா" என்றேன். மசோதாவையும் சொன்னேன்.

விளக்கு ஆடவில்லை. கன்று வெளியே வந்து, மூக்கைத் துடைத்து, அது மூச்சு விட்ட பிறகுதான் பேசினார். "அங்க யார் வேணா பேசலாமா?"

"யார் வேணாலும்."

"அப்ப என்னையும் கூட்டிட்டுப் போ."

"எதுக்கும்மா?"

"எதுக்குன்னு அங்க போய்ச் சொல்றேன். இங்க மாட்டுக்கிட்டயா சொல்லணும்?"

அதற்கு மேல் ஒரு வார்த்தை பிடுங்க முடியவில்லை. என்ன பேசப்போகிறார் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. பக்கத்துப் பண்ணைக்காரர் கிடேரிகளைப் பார்த்துக்கொள்வார். சிரித்தார்தான். நான் வண்டி ஓட்டி வருகிறேன். பின்வரிசையில் உட்காருவேன். பேசமாட்டேன்.

ராய்ஸ்


லிங்கன்
பிப்ரவரி 18

ராய்ஸ்,

நேற்று உனக்கு ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். "தயவுசெய்து அவரைக் கூட்டி வராதே" என்று எழுதியிருந்தேன். வளர்ப்புப் பெற்றோர் சங்கம் ஒன்று எதிர்க்கிறது. எங்கள் வீட்டுக்குள் அரசு மூக்கை நுழைக்காதே என்கிறார்கள். ஆர்லிஸும் அந்த வரிசையில் போய் உட்கார்ந்தால், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் எப்படிப் பேசமுடியும்?

ஆனால் மாதக்கணக்காக ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டி, "அது உங்க கட்டடம், யாரும் உங்களத் தடுக்க முடியாது" என்று சொல்லித் திரிந்தவள் நான். ஒரே ஒரு அம்மாளுக்கு மட்டும் கதவைச் சாத்தினால் நான் என்ன ஜென்மம்?

வரட்டும். சட்டசபைப் படிகள் பனியில் வழுக்கும், வடக்கு வாசல் வழியாக வாருங்கள். அவர் கையைப் பிடித்துக்கொள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி.

அக்கா


வாலன்டைனுக்குத் தெற்கே
மார்ச் 1

அக்கா,

உன்னைத் தேடினோம். அந்தக் கட்டடத்தில் இருக்கிற தூணையெல்லாம் சுற்றி வந்தோம். வாசலில் நின்ற காவலர், சிவப்புக் கோட்டு போட்ட பெண் அழுதுகொண்டே வெளியே போனதாகச் சொன்னார். வடக்கே புயல் வருகிறது என்று செய்தி வந்துகொண்டிருந்தது. கிடேரிகளை நினைத்துக் கிளம்பிவிட்டோம். உன் வீட்டுக் கதவையாவது தட்டியிருக்கவேண்டும். தட்டாமல் வந்தது என்னை உறுத்துகிறது.

நீ ஓடிப்போனதால் உனக்குப் பாதிக் கதைதான் தெரியும். மீதியைச் சொல்கிறேன். எனக்கு நீளமாக எழுதிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்.

உன் ஆட்கள் எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். லாரிக்காரர் பிரமாதம். கடைசியாக நீ போய் உட்கார்ந்தாய். "என் பெயர் ஜனெல் ப்ரூயிட்" என்றாய். எழுத்துக் கூட்டினாய். அப்புறம் திரும்பி எங்களைப் பார்த்தாய். அவ்வளவுதான். பச்சை எரிந்தது, மஞ்சள் எரிந்தது. குழுத் தலைவர் அம்மாள், "தண்ணி வேணுமாம்மா? நேரம் எடுத்துக்கோங்க" என்றார். சிவப்பு வந்ததும் நீ எழுந்து போய்விட்டாய்.

ஊருக்கெல்லாம் பேசக் கற்றுக்கொடுத்த நீ, உன் முறை வந்தபோது உட்கார்ந்திருந்த விதத்தை என்னால் தாங்கமுடியவில்லை. அதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

தலைவர் அம்மாள், "ஆதரவா பேச வேற யாராவது இருக்கீங்களா?" என்றார். நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு தாளில் கிறுக்கிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். நாற்காலி சூடாக இருந்தது. அங்கேயே ஒரு தப்பு செய்தேன். "என் பேரு ராய்ஸ் ப்ரூயிட்" என்றேன். ஆறு வயசுக்குப் பிறகு அந்தப் பெயரை நான் சொன்னதே இல்லை. தலைவர் அம்மாள் தாளைப் பார்த்தார். "இதுல ஹேவர்கேம்ப்னு போட்டிருக்கே?"

"ரெண்டும் நான்தாங்க. அது வளத்தவங்க குடுத்தது, இது பொறக்கும்போதே வந்தது" என்றேன். அம்மா பின்னால் உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்போதுதான் நினைவு வந்தது. முதுகு எரிந்தது.

அப்புறம் வாயில் வந்ததைச் சொன்னேன். முடிந்தவரைக்கும் அப்படியே எழுதுகிறேன்.

"இப்ப இங்க உக்காந்திருந்தாங்களே, அது எங்க அக்கா. என்ன சொல்ல வந்தாங்களோ எனக்குத் தெரியாது. உங்க எல்லாருக்கும் அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி இருப்பாங்க. அவங்க பாதியில நின்னுட்டா மீதிய நீங்க சொல்லிருவீங்க. அவங்களுக்கு எதுல சிரிப்பு வரும், எதுல அழுகை வரும், எல்லாம் தெரிஞ்சிருக்கும். எனக்கு எங்க அக்காவப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. அவங்களுக்குப் பதிலா பேசலாம்னு ஓடி வந்தேன், என்ன பேசறதுன்னு தெரியல. இந்தச் சட்டம் எதுக்குன்னு கேட்டா, இதுக்குத்தான்."

பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அது மாறுவதற்குள் எழுந்து பின்வரிசைக்கு வந்துவிட்டேன்.

அப்புறம் எதிர்ப்பு வரிசை. சங்கத்துக்காரர் ஒருவர். மோசமான ஆள் இல்லை, அவருக்கும் இரண்டு தத்துப் பிள்ளைகளாம். அவர் முடித்ததும் நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அசையவில்லை. "ரெண்டும் இல்லாதவங்க?" என்று கேட்டதும் கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"ஆர்லிஸ் ஹேவர்கேம்ப்" என்று எழுத்துக் கூட்டிச் சொன்னார். "இப்பப் பேசிட்டுப் போனானே, அவன் என் பையன். அவங்க அக்காவப் பாக்க விடாதது நான்தான்."

குழுவில் ஒருவர் போனைக் கீழே வைத்தார்.

"பழைய சொந்தம் வந்து போய்க்கிட்டிருந்தா பையன் ஒட்டமாட்டான்னு தத்துக் குடுத்த அலுவலகத்துல சொன்னாங்க. எனக்கு அதுதான் வேண்டியிருந்துச்சு. கேக்க இனிப்பா இருந்துச்சு. பதினாலு வருஷம் புள்ள இல்லாம இருந்தவ நான். அந்தப் பொண்ணு ஒரு தடவ போன் பண்ணுச்சு. பையன் தொழுவத்துல இருந்தான், ஜன்னல்ல எனக்குத் தெரியுது. தூங்கறான்னு சொல்லி வச்சுட்டேன். அதுக்கப்புறம் போன் அடிச்சா நானே ஓடிப்போய் எடுப்பேன். அந்தப் பொண்ணு திரும்பப் பண்ணவே இல்ல."

ஒரு உறுப்பினர் மெதுவாகக் கேட்டார்: "அப்போ இந்தச் சட்டம் இருந்திருந்தா என்னம்மா செஞ்சிருப்பீங்க?"

"முணுமுணுத்திருப்பேன்."

"அப்புறம்?"

"முணுமுணுத்துக்கிட்டே வண்டிய எடுத்திருப்பேன். வேறென்ன செய்ய? நாங்க சட்டத்த மீறுற குடும்பம் இல்ல."

சிலர் சிரித்துவிட்டார்கள். தலைவர் அம்மாள் கேட்டார்: "அப்படின்னா ஆதரவுன்னு எழுதியிருக்கலாமே? ஏன் ரெண்டும் இல்லன்னு போட்டீங்க?"

அம்மா சொன்னார்: "எதிர்ப்புல உக்கார மனசு இல்லீங்க. ஆதரவுல உக்கார எனக்கு யோக்கியதை இல்ல. அந்தப் பொண்ணு உக்காந்த வரிசையில நான் எப்படி உக்கார்றது?"

எழுந்து வந்து கைப்பையை வாங்கிக்கொண்டார். இருட்டில் வண்டியில் வீடு திரும்பினோம். தொழுவத்து விளக்கு தெரிந்ததும், "அந்தச் சிவப்புக் கோட்டு அவளுக்கு நல்லா இருந்துச்சு" என்றார்.

வீடு வந்தபோது இரண்டு கிடேரிகள் கன்று போட்டிருந்தன. இரண்டும் எழுந்து நின்று குடித்துக்கொண்டிருந்தன.

தம்பி


லிங்கன்
மார்ச் 11

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. தாள் மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது.

நான் பேசாமல் போனது உன்னால் இல்லை. ஆர்லிஸ் ஒரு காரியம் செய்தார். நான் திரும்பிப் பார்த்தபோது உன் சட்டைக் காலர் மடங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, கையை நீட்டிச் சரிசெய்தார். நீ பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாய். எனக்கு எல்லாமே மறந்துபோயிற்று. ஆத்திரமா, பொறாமையா, அப்பாடா ஒருத்தர் இருந்தாரே என்ற நிம்மதியா, இன்னும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எழுதி வைத்திருந்ததெல்லாம் புள்ளிவிவரம். அதை யார் படிப்பது?

அன்று நான் வெளியே ஓடியதைச் சொல்லி நான் பழக்கிய ஆட்களே என்னைக் கேலி செய்வார்கள் என்று பயந்தேன். லாரிக்காரர் அடுத்த நாள் பள்ளிக்கே வந்துவிட்டார். "பழக்கம் பத்தலம்மா. அந்த அடுப்பு மணிய எடுங்க, மொதல்லேர்ந்து ஆரம்பிப்போம்" என்றார்.

இப்போது கெட்ட செய்தி. குழுவில் ஓட்டு எடுத்தார்கள். ஒரு கை குறைந்துவிட்டது. மசோதா சாகவில்லை, அங்கேயே கிடக்கும், அடுத்த வருஷம் மறுபடி எடுக்கலாம். தலைவர் அம்மாள் ஆதரித்து ஓட்டுப் போட்டார். அன்று சிரித்தவர் என்று லாரிக்காரர் காட்டிய உறுப்பினர் ஒருவர் எதிர்த்துப் போட்டார். நான் வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டேன். இந்த வருஷம் பிரியப்போகிற பிள்ளைகளை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அடுத்த வருஷம் என்பது ஆறு வயசுக்காரனுக்கு எவ்வளவு தூரம்!

ஆர்லிஸிடம் சொல். அவர் சொன்னது உன் கடிதம் வழியாக எனக்குக் கேட்டுவிட்டது என்று சொல். அந்தக் காலத்தில் நான் திரும்பப் போன் செய்யாதது கோபத்தால் இல்லை, நீ நிஜமாகவே தூங்கியிருப்பாய், எழுப்பிவிடக் கூடாது என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டதால்தான் என்றும் சொல்.

வசந்தத்தில் பண்ணைக்கு வா என்று அடுத்த கடிதத்தில் நீ கூப்பிடுவாய். கூப்பிடாதே. அவர் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. ஆனால் அந்த வாசற்படியை மிதிக்க என் கால் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நீ வா. எப்போது வேண்டுமானாலும் வா.

அக்கா


வாலன்டைனுக்குத் தெற்கே
ஏப்ரல் 22

அக்கா,

கன்று போடும் வேலை முடிந்தது. இந்தத் தடவை சேதம் குறைவு.

உன் கடிதத்தை அம்மாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். எழுப்பக் கூடாது என்று நினைத்ததாக எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் "நிறுத்து" என்றார். வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போகவில்லை. அவர் அழுவதை யாரும் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது.

அதற்குப் பிறகு ஒரு மாதமாக அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்று காலையில் வண்டிக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"அவ கால் இங்க வராதுன்னா, நம்ம கால் அங்க போகுமில்ல?"

"போகும்மா. ஆனா அவ என்னை மட்டும்தான் கூப்பிட்டிருக்கா."

"தெரியும். நான் வாசல்லயே நிக்கறேன். உள்ள கூப்பிட்டா வரேன், இல்லன்னா வண்டியில உக்காந்திருக்கேன்."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "சட்டம்தான் அடுத்த வருஷத்துக்குப் போயிடுச்சேம்மா."

"போனாப் போகுது. ரோடு இந்த வருஷமே இருக்கே" என்றார்.

சனிக்கிழமை மதியத்துக்குள் வந்துவிடுவோம். வீட்டில் இரு, அக்கா.

ராய்ஸ்